ஒத்தை நூல் மிஷின்

துலுக்கானத்துக்கு ஒரு குணம். எதிரில் நிற்கிறவன் எதை நல்லது என்கிறானோ, கோளாறு அதில்தான் இருக்கிறது என்பான். வைத்தியன் கஷாயம் குடி என்றால் குடிக்கமாட்டான். இந்தப் பக்கம் போ, கிட்டம் என்று வழி சொன்னால் அந்தப் பக்கமாய்ச் சுற்றிக்கொண்டு போவான். அயனம்பாக்கம் சேரியில் இதற்காக அவனைக் கேலி பண்ணாத ஆளில்லை. அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். கூரை மாற்றவேண்டுமென்றால், "கூரய மாத்தாதே, இன்னும் ரெண்டு மழ தாங்கும்" என்பாள். அடுத்த நாளே ஓலை வந்து இறங்கிவிடும்.

தையல் மிஷின் விஷயத்தில் மட்டும் ஆசை மிஞ்சிப்போய் அவளுக்கு அந்த மருந்து மறந்துவிட்டது.

அது யுத்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து கொட்டகை கொட்டகையாய்ப் போட்டிருந்தது. துலுக்கானத்துக்கு அங்கே சமையல் கொட்டகையில் மூட்டை தூக்குகிற வேலை. கையில் நாலு காசு புரண்டது. கடையில்தான் துணி இல்லை. ரேஷனில் கொடுக்கிற புடவை முழங்காலுக்குக் கீழே இறங்காது. நூல்கண்டு என்றால் கடைக்காரன் பல்லவர் காலத்துப் புதையலைக் கேட்ட மாதிரி பார்ப்பான். இந்த லட்சணத்தில்தான் புருசனும் பெண்டாட்டியும் பட்டணம் போய், ஒரு பழைய சாமான் கடையில் ரெண்டு கைமிஷினுக்கு எதிரே நின்றார்கள்.

ஒன்று பெரிசு, கறுப்பு, வயிறு கனத்தது. அடியில் படகு மாதிரி ஒரு இரும்புக்குள் இன்னொரு நூல் போடவேண்டும். மற்றது சின்னது. இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மேலே ஒரு நூல், அவ்வளவுதான். கீழே ஒரு கொக்கி சுற்றும். வேம்புலி பெரிசின் மேல் கை வைத்தவள் கையை எடுக்கவேயில்லை.

கடைக்காரர் வயசானவர். "தம்பி, அம்மா கை வெச்சிருக்கே, அதையே எடுத்துகினு போ. மேல ஒரு நூலு, கீழ ஒரு நூலு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும். அந்தச் சின்னது தொரசானி ஊட்டுப் புள்ளைங்க வெளயாடறதுக்கு வாங்குவாங்க. அது வேணா."

"ஏன் வேணா? ஓடாதா?"

"ஓடும். ஓடறதுல கொற இல்ல."

"அப்பறம் இன்னா?"

"புடிக்காதுப்பா. ஒத்த நூலு."

துலுக்கானம் வேம்புலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "பாத்தியா? விக்கறவன் ஒண்ண இந்தத் தூக்குத் தூக்கறான்னா அதுல எதுனா கீது. அது போணியாவாம கெடக்குது, நம்ம தலயில கட்டப் பாக்கறான்."

"யோவ், அந்தப் பெரியவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு. கரையான்சாவடி டைலரு வெச்சிகினு கீறதும் அந்த மாதிரிதான். புல்லுக்கட்டு விக்க ஒக்காந்து தெனம் பாத்துகினுதானே கீறேன்."

"டைலருக்கு நூலு கெடைக்கும். உனுக்கு ஒரு கண்டு கெடைக்கறதே கஷ்டம், இதுல மேல ஒண்ணு கீழ ஒண்ணா? ஒத்த நூலுன்னா பாதி செலவு. அந்தாளே சொல்லிட்டான் பாரு, வாய் தவறி."

வேம்புலி அப்போதாவது "சரி, சின்னதையே வாங்கு" என்று சொல்லியிருந்தால் பெரிசு வந்திருக்கும். அவள் "எனுக்கு அதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். சின்னது வந்து சேர்ந்தது.

*

மிஷின் வந்த சேதி சேரியில் பரவினதும் முதலில் வந்து நின்றவள் நாகவல்லி. வாட்டசாட்டமான பெண். ஆடியில் கூழ் ஊற்றுகிறபோது முதல் பானை எடுக்கிறவள் அவள்தான். பானை எடுத்த பெண்கள் சேரியிலிருந்து புறப்பட்டு, ஊர்த்தெரு முழுக்க நடந்து, ஏரிக்கரை அம்மன் வாசலுக்குப் போகவேண்டும். ரெண்டு கையும் தலைக்கு மேலே பானையில் இருக்கும். புடவைத் தலைப்பு காற்றில் எங்கே போனாலும் இழுத்துவிடக் கையில்லை. ஆடிக் காற்றோ சும்மா இருக்காது. ஊர்த்தெருவில் ரெண்டு பக்கமும் ஆம்பிளைகள் நின்று பார்ப்பார்கள். சாமியைத்தான் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"வேம்புலி, இந்த வருசம் எனுக்கு ஒரு ரவிக்க வேணும்டி" என்றாள் நாகவல்லி. "பானய எறக்கி வெச்ச பின்னாடியும் கயட்ட மாட்டேன். களை எடுக்கக் கொல்லைக்கிம் அத்தப் போட்டுகினுதான் போவேன்."

அதற்கு முன்னால் அந்தச் சேரியில் ரவிக்கை போட்டுக்கொண்டு யாரும் களை எடுக்கப் போனதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. போனால் வேலை இருக்காது, அவ்வளவுதான். ஏரிக்குக் கீழே கொல்லையெல்லாம் ஜம்புலிங்கத்தினுடையது. அவர் வரப்பில் நின்றபடி, "இன்னாடி, மாப்ள பாக்க வராங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறுநாள் அவள் கழட்டி வைத்துவிடுவாள்.

"தனியா நீ ஒருத்தி போட்டாத்தான் கேப்பாரு" என்றாள் வேம்புலி. "பானை எடுக்கற அத்தினி பேரும் போட்டா?"

துணிக்கு எங்கே போவது? துலுக்கானம்தான் வழி பண்ணினான். பட்டாளத்துச் சமையல் கொட்டகையில் மாவு வருகிற வெள்ளைத்துணிப் பைகள் காலியாய்க் கிடக்கும். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கட்டாகக் கொண்டுவந்தான். சவுக்காரம் போட்டு அவித்து, கல்லில் அடித்து, மஞ்சளில் முக்கிக் காயப்போட்டார்கள். அழுத்தமாய் அச்சடித்த இங்கிலீஷ் எழுத்து சிலதில் போகவேயில்லை. பானை எடுக்கவிருந்த குப்பம்மாவுக்கு வாய்த்த துணியில் முதுகுக்கு நடுவே மூணு எழுத்து நீலமாய் நின்றது.

"இன்னாடி எய்திகீது?" என்றாள் குப்பம்மா. அவளுக்கு எதையும் விளையாட்டாய்ப் பேசித்தான் பழக்கம்.

"சுத்தமான மாவுன்னு எய்திகீது. போட்டுக்கோ" என்றான் துலுக்கானம்.

குப்பம்மா தன் ரவிக்கையை வேம்புலி முடித்த கையோடு பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "பின்னால நூலு பல்லி வாலாட்டம் தொங்குதுடி" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கென்ன, "ஆட்டிகினு போறேன்" என்றாள்.

மற்றதெல்லாம் ஆடி மூணாம் ஞாயிறு நெருங்க நெருங்கத்தான் முடிந்தது. மிஷின் கடகடவென்று ஓடியது. தையல் மேல்பக்கம் நேராய், அடிப்பக்கம் ஜடை பின்னின மாதிரி சங்கிலி சங்கிலியாய் விழுந்தது. வேம்புலிக்கே கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் தையல் முடிகிற இடத்தில் விரல் நீளத்துக்கு நூல் விட்டு வைத்தாள். "நூல நறுக்காதே. கூழு வேல ஆனதும் நான் ஒக்காந்து முடிச்சி போடணும்" என்று புருசனிடம் சொன்னாள்.

நறுக்காதே என்றால் அவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். துலுக்கானம் கத்திரியை எடுத்து எல்லா வாலையும் ஒட்ட நறுக்கினான். மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நறுக்கினான். பெண்கள் வந்து கேட்க, தானே எடுத்துக் கொடுத்தும் விட்டான்.

"முடிச்சி போடலியேய்யா!" என்று ஓடிவந்தாள் வேம்புலி.

"கையில தச்சாத்தான் முடிச்சி. இது மிசினு. தானா புடிச்சிக்கும். தொங்கவுட்டு அனுப்பினா நம்ம வேலயத்தான் சிரிப்பாங்க."

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. துடுப்பைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

*

பம்பை அடித்தது. பானை எடுத்த பெண்கள் வரிசையாய் ஊர்த்தெருவில் நுழைந்தார்கள். தலையில் கூழ்ப்பானை, பானை வாயில் வேப்பிலை, உடம்பில் மஞ்சள் ரவிக்கை. தெருவில் நின்றவர்கள் சாமியை விட்டுவிட்டு ரவிக்கையைப் பார்த்தார்கள். வேம்புலி கூட்டத்தின் ஓரமாய்க் கூடவே நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பானை அவள் தலையில் இருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஜம்புலிங்கம் வீட்டு வாசல் தாண்டும்போதுதான் அது நடந்தது. நாகவல்லி கையை உயர்த்திப் பானையைச் சரி பண்ணினாள். விலாப்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம். கக்கத்திலிருந்து இடுப்புவரைக்கும் ரவிக்கை வாய் பிளந்தது. அவள் பானையை விடவில்லை. விட்டால் கூழ் தரையில் கொட்டிவிடும், சாமி குற்றம். ரெண்டு கையும் மேலே இருக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவளை மறைக்க ஓடிவந்தவளுக்கும் தோளில் சர்ரென்றது. அப்புறம் இன்னொருத்தி. வேம்புலி தன் தலைப்பை அவிழ்த்து நாகவல்லிமேல் போட்டாள். ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது.

கடைசிவரைக்கும் கிழியாமல் போய்ச் சேர்ந்தவள் ஒருத்திதான். முதுகில் நீல எழுத்தும் பின்னால் பல்லி வாலுமாய், குப்பம்மா.

ஜம்புலிங்கம் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஆத்தாவுக்கே புடிக்கல, உருவிட்டா. நாளைக்கு அந்தக் கருமத்தப் போட்டுகினு எவளாச்சும் கொல்லையில எறங்கினீங்க, நான் பாத்துகினு கீற மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் வேம்புலி வாசலில் மஞ்சள் துணி குவியலாய்க் கிடந்தது. ஒருத்தியும் உள்ளே வந்து பேசவில்லை. எறிந்துவிட்டுப் போனார்கள். நாகவல்லி மட்டும் நின்றாள். திட்டப்போகிறாள் என்று வேம்புலி காத்திருந்தாள்.

"நான் விரதம் இருந்தேன்டி" என்றாள் நாகவல்லி. "ஒரு வாரமா ஒரு வேள சோறு. ஆத்தாவுக்கு இன்னா கொற வெச்சேன்?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

குப்பம்மா வந்தாள், முகம் வெளுத்துப்போய். "யக்கா, எனுக்கு பயமா கீது. காலையில நான் கருவாடு துன்னுட்டுதான் பானை எடுத்தேன். யாருக்கும் சொல்லல. உன்னாண்டதான் சொல்றேன். விரதம் இருந்தவளுக்கெல்லாம் உருவிட்டு, கருவாடு துன்னவள ஆத்தா உட்டு வெச்சிகீறா. எதுக்கு உட்டு வெச்சிகீறா? வேற எதுக்குனா எடுத்து வெச்சிகீறாளா?"

அவள் போனதும் ரெண்டு பேரும் காரணம் தேடினார்கள். நூல் மட்டம் என்றான் துலுக்கானம். அதே நூல்தானே குப்பம்மாவுக்கும் என்றாள் வேம்புலி. பட்டாளத்து மாவுத்துணி, தீட்டு என்றான். அவளுடையதும் அதே துணிதான். உன் கை ராசி என்றான். அவள் வாசலில் கிடந்த குவியலை உள்ளே அள்ளிக்கொண்டு வந்தாள். கிழிந்ததாய்ச் சொன்ன ரவிக்கைகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். துணி எங்கும் கிழியவில்லை. நூல் எங்கும் அறவில்லை. தைக்காத மாதிரியே இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. கிழிந்திருந்தால் தைத்துவிடலாம். இது என்ன?

கூழ் மீந்து கிடந்தது. ரெண்டு பேருக்கும் இறங்கவில்லை.

*

மறுநாள் பெண்கள் பழையபடி வெறும் புடவைத் தலைப்போடு வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போனார்கள். துலுக்கானம் ஆவடிக்குப் போனான்.

கொட்டகையில் மாவு மூட்டை பிரிக்கிற வேலை. மாவுப்பையின் வாயை ஒரு நூலால் தைத்திருப்பார்கள். ஒரு முனையை நறுக்கி இழுத்தால் மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் கழன்று வரும். மற்ற முனையை இழுத்தால் அசையாது. எது எந்த முனை என்று துலுக்கானத்துக்கு இத்தனை நாளில் பிடிபட்டதில்லை. பாதி நாள் கோபத்தில் கத்தியால் குத்திக் கிழித்துவிடுவான். அன்றைக்குக் கைக்கு நல்ல முனை அகப்பட்டது. இழுத்தான்.

சர்ர்ர்.

கையில் நூலோடு அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பையைத் திருப்பிப் பார்த்தான். இன்னும் பிரிக்காத மூட்டையின் வாயில், ஒரு பக்கம் நேர்த்தையல், மறுபக்கம் ஜடை. சங்கிலி சங்கிலியாய்.

"இன்னா துலுக்கானம், மூட்டக்கி ஜோசியம் பாக்கறியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"ஊட்ல ஒரு அவசரம்ண்ணே" என்று எழுந்தவன் திருமுல்லைவாயில் வழியாய் ஓட்டமும் நடையுமாய் வந்து சேர்ந்தான். வந்ததும் ஒரு கந்தலைக் கொடுத்துத் தைக்கச் சொன்னான். வேம்புலி தைத்தாள். வாலை ஒட்ட நறுக்கினான். ஆரம்பித்த முனையை இழுத்தான், ஒன்றும் ஆகவில்லை. முடித்த முனையை நகத்தால் நெம்பி இழுத்தான். மொத்தமும் கையோடு வந்தது. வேம்புலி துணியைப் பிடுங்கி இன்னொரு தரம் தைத்து, முடிகிற இடத்தில் நூலைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டாள். இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வரவில்லை.

"குப்பம்மாளுக்கு நான் முடிச்சி போட்டேன்" என்றாள் மெதுவாய். "அவ பிடுங்கிகினு ஓடறதுக்கு முந்தி."

"ஆமா."

"மத்ததுக்கு நீ நறுக்கினே."

துலுக்கானம் கூரையைப் பார்த்தான். "அந்தக் கடைக்காரன் ஒழுங்கா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாரு. புடிக்காதுன்னு சொன்னாரு. என்னாண்டயா பேசறே? போயி அவுங்களாண்ட சொல்லு."

"எவுங்களாண்ட? நானா? நறுக்கினது நான்தான்னு பொம்பளைங்க கூட்டத்துல போயி நிக்கறதா? ஊரே சிரிக்கும்டி."

"நாகவல்லியப் பாத்து சிரிச்சாங்களே, அப்ப நீ எங்க இருந்தே? உன்னப் பாத்தும் கொஞ்சம் சிரிக்கட்டும்." அவள் மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீ சொல்லலேன்னா ஆத்தாதான் உருவினான்னு ஆயிடும். அப்பறம் நம்ம சனத்துல ஒருத்தியும் எந்த சென்மத்துலயும் ரவிக்க போட மாட்டா."

அவனுக்கு இது எப்படி ஆத்தா விஷயம் ஆயிற்று, எப்படித் தன் விஷயம் ஆயிற்று, ஒன்றும் விளங்கவில்லை. ஒரே முனை. நறுக்கினால் ஓடுகிறது, முடிச்சுப் போட்டால் நிற்கிறது. அதற்குள் இத்தனை பேர் மானம் எப்படி வந்து புகுந்துகொண்டது? காக்கிச் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "ரெண்டு விலாவையும் பிரிச்சி இந்த மிசின்லயே தை. முடிச்சி போடாதே."

*

மறுநாள் காலையில் கொல்லை ஓரத்தில் பெண்கள் களைக்கொட்டோடு கூடியிருந்தார்கள். ஜம்புலிங்கம் வரப்பில் நின்றார். துலுக்கானம் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றான். பின்னால் வேம்புலி.

"ஆத்தா ஒண்ணும் உருவல" என்றான். "உருவினது நான். நூல நறுக்கிட்டேன்."

"இன்னாடா ஒளர்றே?" என்றார் ஜம்புலிங்கம்.

"பெண்டாட்டியக் காப்பாத்தப் பாக்கறான்" என்றாள் ஒருத்தி.

"இந்தா நாகவல்லி, இங்க வா. இந்த நூல இழு. இது ஆம்பள சட்ட. ஆத்தாவுக்கு இதுல ஒரு வேலயும் இல்ல. இழு."

நாகவல்லி வரவில்லை. குப்பம்மாதான் அவளைத் தள்ளிவிட்டாள். நாகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் காட்டிய இடத்தில் நகம் போட்டு இழுத்தாள். வரவில்லை. பலம் போட்டு இழுத்தாள். சட்டையோடு அவன்தான் ஆடினான்.

கூட்டத்தில் ஒரு முனகல். "பாத்தியா? ஆம்பளய ஆத்தா ஒண்ணும் பண்ல."

துலுக்கானத்துக்கு வேர்த்துவிட்டது. "இரு, இரு, நேத்து வந்துச்சே. இதுதான். இல்ல, இது..." தன் விலாவையே குனிந்து குனிந்து சுற்றிப் பார்த்தான். வாலைப் பிடிக்கிற நாய் மாதிரி இருந்தது. மேலா, கீழா? எந்தப் பக்கம் அவள் ஆரம்பித்தாள்?

"தூ, முனையக்கூட ஞாபகம் வெச்சிக்க மாட்டே" என்று வேம்புலி வந்து நாகவல்லியின் விரலைப் பிடித்துக் கக்கத்துக்கு அடியில் வைத்தாள். "கீழருந்து ஆரம்பிச்சேன். இங்க முடியுது. இப்ப இழுடி."

சர்ர்ர்.

நாகவல்லி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அப்புறம் தானே வந்து அடுத்த விலாவையும் பிடித்து இழுத்தாள். சர்ர்ர். சட்டை முன்னால் ஒரு துணி, பின்னால் ஒரு துணியாய் அவன் தோளில் தொங்கியது. ரெண்டு நூலும் நாகவல்லி கையில், அறாமல், முழுசாய். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியது. அழப்போகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை.

"அப்ப நான் கருவாடு துன்னது ஆத்தாவுக்குத் தெர்வே தெர்யாதா?" என்று குப்பம்மா கூவினாள். வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அப்போது எல்லாரும் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "போதும், போதும். வெயில் ஏறுது, களையப் பாருங்க" என்றார்.

நாகவல்லி அவர் பக்கம் திரும்பினாள். "உருவினது ஆத்தா இல்லியாம் ஆண்டே. துலுக்கானமாம்." சாதாரணமாய்த்தான் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். கொல்லை நிறையக் கோரை நின்றது. எல்லாரையும் விரட்டிவிட்டால் எடுக்க ஆளில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்தார். சரி என்றாரா, இல்லை என்றாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இன்னைக்கி சாயங்காலம் எனுத முடிச்சி குடு" என்றாள் நாகவல்லி, வேம்புலியிடம். "நாளைக்கி போட்டுகினு வரேன். எனுக்கு மொதல்ல."

"எனுக்கும்" என்றது இன்னொரு குரல்.

"முடிச்சி நீ போடணும். உம் புருசன் கை பக்கத்துலயே வரக்கூடாது."

பேசிக்கொண்டே கொல்லையில் இறங்கிவிட்டார்கள். வேம்புலியும் கூடவே இறங்கினாள்.

துலுக்கானம் வரப்பில் நின்றான். ஆடிக்காற்று சட்டையின் ரெண்டு துண்டையும் தூக்கித் தூக்கிப் போட்டது. மார்பும் வயிறும் வெளியே தெரிந்தது. மூடிக்கொள்ளக் கையைக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். கொல்லையிலிருந்து ஒருத்தி நிமிர்ந்து அவன் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து களையைப் பிடுங்கினாள். வண்டிப்பாதையில் போன ஆம்பிளைகள் அவனைத் தாண்டிப் போனார்கள். பட்டப்பகலில், நாலு பேர் போகிற வழியில், இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாமல் நிற்கிறான். ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை, சிரிக்கவில்லை.

அது ஏன் என்று அவனுக்கு யோசனையாய் இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வெகுநேரம் அங்கேயே நின்றான்.